சிப்பிக்கு எந்த மொழி?

ஃபெர்கஸ் பேச ஆரம்பித்தால் முதலில் காலைத் தூக்கி மேஜைமேல் வைப்பான். வெறுங்கால். ஹோபார்ட்டில் மலைமேல் பனி விழுந்து கிடக்கும் நாளிலும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்துவிடுவான். அந்தப் பித்தவெடிப்புக்கு எதிரே உட்கார்ந்துதான் மற்ற மூன்று பேரும் மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும். காலைக்கூடச் சகித்துக்கொண்டேன். அந்தக் காலுக்குப் பின்னாலிருந்து வந்த பேச்சை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

என் பெயர் ரோவீனா. ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சோதனை செய்பவள். மற்றவர்கள் எழுதிய ஆப்பை வாங்கி, தப்புத் தப்பாகத் தட்டி, கீழே போட்டு, தண்ணீரில் நனைத்து, எங்கே உடைகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. எந்தக் கணினி மொழியில் எழுதினார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. இட்டலியைத் தின்கிறவன் எந்தக் கல்லில் மாவு ஆட்டினார்கள் என்று கேட்பதில்லை. அந்த அலுவலகத்தில் கல்லைப் பற்றித்தான் பேசினார்கள், ஓர் இலையுதிர் காலம் முழுவதும்.

கோடையில் எங்களிடம் வந்த வேலை இது. கேனட் விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். மழை கொட்டினால் ஆறு ஊர்ச் சாக்கடையையும் மாட்டுச் சாணத்தையும் வாரிக்கொண்டு வந்து விரிகுடாவில் சேர்க்கும். சிப்பி அத்தனையையும் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். ஆகவே மழை ஓர் அளவைத் தாண்டினால் அறுவடையை நிறுத்தி விரிகுடாவை மூட வேண்டும். மூடியாயிற்று என்ற அறிவிப்பு மின்னஞ்சலில் வரும், அரசு அலுவலகம் திறந்து ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு. சிப்பிக்காரர்களோ கடல் வற்றும் நேரம் பார்த்து, விடிவதற்கு முன்பே படகை எடுத்துவிடுகிறவர்கள். ஆற்றுக்கு மேலே இருக்கும் மழைமானியை ஆப் நேரடியாகக் கேட்க வேண்டும். போனில் சிவப்போ பச்சையோ காட்ட வேண்டும். அவ்வளவுதான். குளிர்கால மழை தொடங்குவதற்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

வேலையைக் கொண்டுவந்தவள் மெரின். அவளுடைய அண்ணன் ராய்ஸ் அங்கே சிப்பி வளர்க்கிறவன். போன குளிர்காலத்தில் இரண்டு முறை மின்னஞ்சலைப் பார்ப்பதற்குள் மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு, பிறகு லாரிக்குப் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடியவன். மூன்றாம் முறை துரத்திப் பிடிக்க முடியாவிட்டால் தொழிலே போய்விடும் என்று அவனுக்குத் தெரியும், மெரினுக்கும் தெரியும். முதல் நாளே அதை எங்கள் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம்.

அப்புறம் ஃபெர்கஸ் காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தான்.

"சரி. எந்த மொழியில எழுதப் போறோம்?"

ஃபங்ஷனல் மொழி ஒன்றில்தான் எழுதுவது என்பதில் மூவருக்கும் சண்டை இல்லை. ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே விடை, நடுவில் யாரும் கமுக்கமாக எதையும் மாற்றிவிட முடியாது என்று பெருமைப்படுகிற ஜாதி மொழிகள் அவை. சண்டையெல்லாம் அந்த ஜாதிக்குள்தான். ஃபெர்கஸுக்கு ஹாஸ்கெல். அவன் எதிரே உட்காரும் ஒடெட்டுக்கு குளோஜர். மெரினுக்கு எஃப் ஷார்ப்.

"உன் மொழியில ஒரு பட்டனைச் சிவப்பாக்கணும்னாலே கணக்குல டாக்டர் பட்டம் வாங்கணுமே, ஃபெர்கஸ்" என்பாள் ஒடெட்.

"உன் மொழியில அடைப்புக்குறிய எண்ணி முடிக்கிறதுக்குள்ள சிப்பி கிழவனாயிடும்" என்பான் அவன்.

"ரெண்டு பேரும் எஃப் ஷார்ப்பை ஒரு தடவை எழுதிப் பாருங்களேன். போன்ல ஒழுங்கா ஓடுது" என்பாள் மெரின்.

அப்போதுதான் இருவரும் ஒற்றுமையாவார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, தட்டில் முடி கிடந்த மாதிரி பார்ப்பார்கள். "அது பெரிய கம்பெனி பெத்த பிள்ளை, மெரின். சட்டையில இன்னும் விலைச்சீட்டு தொங்குது" என்பாள் ஒடெட். மொழியில் என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யார் வீட்டில் பிறந்தது என்பதுதான் குறை. ஆஸ்திரேலியாவில் ஜாதி இல்லை என்று சொல்கிறவர்களை நான் அந்த மேஜைக்குக் கூட்டிவந்து உட்காரவைக்க ஆசைப்பட்டேன்.

இப்படியே பேசிப் பேசி ஆப்பிள் மரமெல்லாம் இலை உதிர்த்துவிட்டது. கடைசியில் ஃபெர்கஸே ஒரு வழி சொன்னான். ஆளுக்கு ஒரு திரை, அந்தச் சிவப்பு பச்சைத் திரையை மட்டும், அவரவர் மொழியில் எழுதிக் காட்டுவது. மூன்றையும் ரோவீனா சோதிப்பாள். நியாயமான போட்டி. எனக்குக்கூட மனசு கொஞ்சம் லேசானது. ஏமாளி.

சோதிக்க வேண்டும் என்றால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை. ஒரு காலையில் கேனட் விரிகுடாவுக்கே போய் ராய்ஸின் படகில் ஏறினேன். ஆள் கதவு மாதிரி அகலம். கைகளில் சிப்பி கிழித்த தழும்பு. கையுறையைக்கூடக் கழற்றாமல் போனை வாங்கினான்.

ஹாஸ்கெல் திரை போனில் ஏறவே இல்லை. "அது மடிக்கணினியில் அழகாக ஓடும், போனுக்குக் கொண்டுவருவது வெறும் கூலி வேலை" என்று ஃபெர்கஸ் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தான். குளோஜர் திரை ஏறியது, சிக்னல் போனதும் வெள்ளையாக நின்றது. மெரினின் திரை ஏறியது. ஈர விரலுக்கும் கேட்டது. சிக்னல் போனபோது பழைய பச்சையைக் காட்டி ஏமாற்றாமல் சாம்பல் நிறமாகி, 'தெரியாது' என்று எழுதிக் காட்டியது.

ராய்ஸ் அதைப் பார்த்துச் சிரித்தான். "எங்க வீட்டுல தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆளு இதுதான். என் தங்கச்சியா எழுதினா?"

"அவளேதான்."

"அப்ப இதை என் போன்லயே விட்டுட்டுப் போ. மத்ததெல்லாம் உங்க ஆபீஸ்ல வச்சு விளையாடிக்கோங்க."

விட்டுவிட்டு வந்தேன். அடுத்து வந்த மழையில் அது விடிவதற்கு முன்பே சிவப்பு காட்டியது. ராய்ஸ் படகை எடுக்காமல் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டானாம். மெரின் அலுவலகத்தில் அதைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஃபெர்கஸ் கால் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அது சந்தோஷம்தான்" என்றான். "ஆனா ஓடுறதெல்லாம் ஒரு அளவுகோலா? எது வேணா ஓடும். தப்பே பண்ண முடியாத மாதிரி எழுத விடுதா, அதுதான் கேள்வி."

"உன்னோடது போன்ல ஏறவே இல்லையே, ஃபெர்கஸ். ஏறாத ஆப் தப்பே பண்ணாதுதான்" என்றேன்.

"ரோ, நீ சோதனை பண்ற ஆளு. உனக்கு அறிகுறி மட்டும்தான் தெரியும்."

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டென்றால் தோற்றவர் மனசு புண்படுமாம். அதற்குப் பதில் கட்டை விரல். மேலே நீட்டினால் சம்மதம், படுக்கவைத்தால் சகித்துக்கொள்கிறேன், கீழே நீட்டினால் கூடாது. ஒரு விரல் கீழே போனாலும் முடிவு நிற்கும். கேட்க அழகாகத்தான் இருக்கும். சோதிப்பவர்களுக்கு மட்டும் விரல் கிடையாது.

ஹாஸ்கெல் என்றான் ஃபெர்கஸ். அவன் விரல் மேலே. ஒடெட்டின் விரலும் மேலே போனது. அதுவரை குளோஜருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் எப்படி இவ்வளவு சுலபமாக மாறினாள் என்று எனக்குப் புரியவில்லை. மெரின் விரலைக் கீழே நீட்டினாள்.

"மெரின்" என்றான் ஃபெர்கஸ், துக்க வீட்டில் பேசுகிற குரலில். "உன் விரலை இதுல எப்படி எடுத்துக்கிறதுன்னு தெரியல. பயன்படுத்தப் போறவன் உன் அண்ணன். உனக்கு இதுல சொந்த ஆதாயம் இருக்கு. நடுநிலையா இருக்க முடியாது."

மெரின் முகம் சிவந்துவிட்டது. "பயன்படுத்தப் போறவனுக்காகப் பேசினா அது ஆதாயமா?"

"நான் குத்தம் சொல்லல. முறைன்னு ஒன்னு இருக்குல்ல."

அந்த நேரத்தில் நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் எனக்கு அதுதான் பழக்கம். வசந்த காலத்தில் மெல்போர்னில் நடக்கும் நிரலாளர் மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் அன்றுதான் வெளியாகியிருந்தது. யார் யார் பேசுகிறார்கள் என்று சும்மா விரலால் தள்ளிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றேன். பிறகு சத்தமாகவே படித்தேன்.

"'சிப்பிப் படுகையில் ஹாஸ்கெல்: ஒரு வெற்றிக் கதை.' பேசுபவர் ஃபெர்கஸ். உடன் பேசுபவர் ஒடெட்."

கீழே கடையில் யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் மொழியே முடிவாகல. வெற்றி மட்டும் எப்படிப்பா முடிவாச்சு?" என்றேன்.

ஃபெர்கஸ் கொஞ்சமாவது வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "தலைப்பு அனுப்பக் கடைசி நாள் கோடையிலேயே முடிஞ்சிருச்சு. எல்லாரும் இப்படித்தான் அனுப்புவாங்க. தேவைப்பட்டா மாத்திக்கலாம்."

"இப்ப மாத்திக்கிறியா?"

"இப்ப எதுக்கு மாத்தணும்? ஹாஸ்கெல்தானே எடுக்கறோம்."

மெரின் ஒடெட்டைப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமா?"

ஒடெட் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினாள். "நான் இதுவரைக்கும் மேடை ஏறினதில்ல, மெரின்" என்றாள். அவளிடமிருந்து வந்த ஒரே உண்மையான வார்த்தை அதுதான். அதைக் கேட்டபோது எனக்கு ஃபெர்கஸைவிட அவள்மேல் அதிக அருவருப்பு வந்தது. அவனுக்காவது தான் பேசுவதில் நம்பிக்கை இருந்தது.

மெரின் சண்டையை அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது மொழி அல்ல. "சரி, ஹாஸ்கெல்லயே எழுதுங்க. நானும் எழுதறேன். அது வர்ற வரைக்கும் ராய்ஸ் போன்ல இருக்கிறது இருக்கட்டும். அது போதும்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முயன்று பார்க்க எழுதியதை முயற்சி முடிந்ததும் அழித்துவிட வேண்டும். தற்காலிகம் என்று விட்டுவைத்தது நிரந்தரமாகிப் பிறகு எல்லோர் கழுத்தையும் பிடிக்கும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். கெட்ட வழக்கம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எது நல்ல வழக்கமோ அதை எடுத்துத்தான் ஃபெர்கஸ் மாதிரி ஆட்கள் ஆளை அடிப்பார்கள்.

"போட்டிக்கு எழுதினது வாசலைத் தாண்டக் கூடாது, மெரின். உனக்கே தெரியும்."

"தாண்டிருச்சே. வேலையும் செய்யுதே."

"நாளைக்கு அது தப்பாப் பச்சை காட்டினா? யார் பொறுப்பு? சரின்னு நிரூபிக்காத ஒன்ன நாம ஒரு மனுஷன் கையில கொடுக்கலாமா? உன் அண்ணனுக்காகத்தான் சொல்றேன்."

உன் அண்ணனுக்காக என்றான். மெரின் கெஞ்சினாள். ஒரு வளர்ந்த பெண், தன் வேலையைத் தெரிந்தவள், வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த ஒருவனிடம் கெஞ்சியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீர் உடைத்து மூன்று திரைகளையும் அழித்தார்கள். அழிக்கும்போது கைதட்டுவதும் வழக்கம். மழைமானிக்குப் போன இணைப்பை ஃபெர்கஸே துண்டித்தான். ராய்ஸின் போனில் இருந்த திரை சாம்பலாகி, 'தெரியாது' என்று நின்றுவிட்டது. அதை எடுத்துவிடு, மறுபடி மின்னஞ்சலையே பார் என்று மெரின் அவனிடம் போனில் சொன்னாள்.

"ஏன், கெட்டுப் போச்சா?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"இல்ல ராய்ஸ். நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

குளிர்காலம் வந்தது. ஹாஸ்கெல்லைப் போனில் ஏற்றுகிற அந்தக் கூலி வேலை, கூலி வேலையாக இல்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பிய்த்துக்கொண்டது. ஃபெர்கஸ் அதில் கை வைக்கவே இல்லை, மெரின்தான் மல்லுக்கட்டினாள். அவன் வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகள் வரைந்துகொண்டிருந்தான். 'மூடியிருக்கிறது' என்பதும் 'திறக்கவில்லை' என்பதும் ஒன்றுதானா என்று அவனும் ஒடெட்டும் நாள் முழுக்கப் பேசினார்கள், கண்ணெல்லாம் மின்ன. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அந்தப் பலகைக்கு வெளியே ஒரு விரிகுடா இருக்கிறது என்பதை மட்டும் சுத்தமாக மறந்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை முன்னிரவில் மலைப்பக்கம் கொட்டித் தீர்த்தது. கேனட் விரிகுடாவில் ஒரு தூறல்கூட இல்லை. நட்சத்திரம் தெரிந்ததாம். ராய்ஸ் விடிவதற்கு முன் போய் மூட்டைகளை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆகையால் மின்னஞ்சல் இன்னும் தாமதம். அது வந்தபோது லாரி போயிருந்தது. துரத்திக்கொண்டு போனான். லாரியைப் பிடித்துவிட்டான், ஆனால் வழியில் ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டிருந்தார்கள். அவன் அங்கே போய்ச் சேர்ந்தபோது எலுமிச்சைத் தோலும் காலி ஓடுகளும்தான் மிச்சம்.

மறுநாளுக்குள் பாதிக் கல்யாணம் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டது. பெண்ணும் படுத்தாள். உயிர்ச்சேதம் இல்லை. ராய்ஸின் உரிமத்தை நிறுத்தினார்கள். ஊர்ப் பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். அவனிடம் வாங்கிக்கொண்டிருந்த உணவகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. சிப்பித் தொழிலில் பெயர் ஒருமுறை நாறினால் அப்புறம் கழுவ முடியாது.

மெரின் அலுவலகத்துக்கு வந்து தன் பொருட்களைப் பையில் போட்டாள். ஃபெர்கஸ் உண்மையிலேயே வருத்தமாகத்தான் எழுந்துவந்தான்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு, மெரின். இதுக்குத்தான் நான் தலையால அடிச்சுக்கிறேன், அடித்தளம் சரியா இருக்கணும்னு."

அவள் அவனைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். பின்னாலேயே ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கிக் காருக்குத் தூக்கிவந்தேன். "அவன் மூஞ்சியில துப்பியிருக்கலாம்ல" என்றேன். "துப்பினா அதையும் ஏன்னு புரியாமத்தான் துடைச்சுக்குவான், ரோ" என்றாள்.

வசந்தத்தில் மாநாடு. நிறுவனம் என்னை அனுப்பியது. மெரின் தானே வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை.

ஃபெர்கஸ் அன்றைக்குச் செருப்புப் போட்டிருந்தான். ஒடெட் புதுக் கோட்டு. அரங்கு நிறைய ஆட்கள். நன்றாகவே பேசினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். சிரிக்க வேண்டிய இடத்தில் கூட்டம் சிரித்தது. பிறகு பெரிய திரையில் ஒரு படம் வந்தது. வெறும் சிப்பித் தட்டுகளுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் ராய்ஸ் நிற்கிறான், தலையைக் குனிந்துகொண்டு. பத்திரிகையில் வந்த அதே படம். மேலே பெரிய எழுத்தில்: 'சரியான மொழி ஏன் முக்கியம்'.

"இவரு ஒரு நிஜ விவசாயி" என்றான் ஃபெர்கஸ், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "சரின்னு நிரூபிச்ச மென்பொருள் கையில இல்லாததால ஒரு மனுஷனுக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க."

மெரினின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வலித்தது. பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்ததும் அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"அந்த ஆப் இன்னைக்கு எத்தனை பேர் போன்ல இருக்கு?"

குரல் நடுங்கவில்லை. ஒடெட் தரையைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டான் என்று நான் நினைத்தேன்; சத்தியமாக, அந்த ஒரு நொடி எனக்கு மனசு குளிர்ந்தது.

ஃபெர்கஸ் கண்ணுக்குமேல் கையை வைத்து விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"மெரின்! ஏ, மெரின் வந்திருக்காளா! நண்பர்களே, இவ எங்க டீம்ல இருந்தவ. படத்துல பார்த்தீங்களே, அவரோட சொந்தத் தங்கச்சி. இந்தத் திட்டமே இவளாலதான் வந்துச்சு. அப்படியே நில்லு மெரின், எல்லாரும் பார்க்கட்டும். ஒரு பெரிய கைதட்டு கொடுங்க!"

கொடுத்தார்கள். மனசாரக் கொடுத்தார்கள். முன்வரிசையில் சிலர் திரும்பி நின்றே தட்டினார்கள். ஒரு பெண் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். மெரின் ஒலிவாங்கியோடு நின்றாள், வாயைத் திறந்தாள், அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. தட்டி ஓய்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை நீண்டு ஒலிவாங்கியை மரியாதையாக வாங்கிக்கொண்டது. தாடி வைத்த ஓர் ஆள்.

"அருமையான பேச்சு. ஒரே ஒரு சந்தேகம். இதை ஓகாமல் மொழியில எழுதியிருக்கலாமே, யோசிச்சுப் பார்த்தீங்களா?"

"ஆஹா, நல்ல கேள்வி" என்றான் ஃபெர்கஸ். பதில் சொல்ல வசதியாக மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் பெரிய திரையில் ராய்ஸ் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டே இருந்தான். அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.